இறந்த நண்பனுக்காகப் பறக்கும் கழுகு!

இத்தாலி நாட்டின் வடக்கே கோமோ என்று ஓர் ஏரி இருக்கிறது. சுற்றிலும் உயர்ந்த மலைகள். ஏரிக் கரையில் மாண்டெல்லோ என்று ஒரு சிற்றூர்.

அமைதியான ஊர். ஆனால் செப்டம்பர் மாதம் வந்துவிட்டால் அந்த அமைதி எங்கோ ஓடிவிடும்.

"டுப்... டுப்... டுப்... டுப்..."

ஜெர்மனியில் இருந்தும், பிரான்சில் இருந்தும், இங்கிலாந்தில் இருந்தும் மோட்டார் சைக்கிள்கள் வந்து குவியும். புது வண்டிகளும் வரும். பாட்டன் காலத்து வண்டிகளும் வரும். நரைத்த தலையோடு கிழவர்கள் ஓட்டி வருவார்கள். பின்னால் அவர்களுடைய மனைவிமார்கள் உட்கார்ந்திருப்பார்கள்.

வந்தவர்கள் எல்லோரும் நேராக ஓர் இடத்துக்குப் போவார்கள். அது கோவிலும் அல்ல; அரண்மனையும் அல்ல. ஒரு தொழிற்சாலையின் சிவப்பு நிற இரும்புக் கதவு!

அந்தக் கதவின் முன்னால் வண்டியை நிறுத்திப் படம் எடுத்துக்கொள்வார்கள். அதற்காகவே ஆயிரம் கிலோ மீட்டர் தாண்டி வருகிறவர்களும் உண்டு.

அந்தத் தொழிற்சாலையின் பெயர் "மோட்டோ குட்சி". அங்கே செய்த வண்டிகளின் பெட்ரோல் தொட்டியைப் பாருங்கள். சிறகை விரித்துப் பறக்கும் ஒரு கழுகின் உருவம் இருக்கும்.

அழகுக்காக வைத்த சின்னம் என்றுதானே நினைக்கிறீர்கள்? அல்ல. செத்துப்போன ஒரு நண்பனின் நினைவுச் சின்னம் அது!

மூன்று நண்பர்கள்

முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்த காலம். இத்தாலியக் கடற்படையின் விமானப் பிரிவில் மூன்று பேர் வேலை பார்த்தார்கள்.

ஒருவர் கார்லோ குட்சி. மெக்கானிக். கையில் காசு கிடையாது. ஆனால் தலை நிறையத் திட்டங்கள்.

இரண்டாவது ஆள் ஜார்ஜியோ பரோடி. விமானி. ஜெனோவா நகரத்துக் கப்பல் முதலாளியின் மகன். பணத்துக்குக் குறைவு இல்லை.

மூன்றாவது ஆள் ஜியோவன்னி ரவெல்லி. அவரும் விமானி. போருக்கு முன்பே மோட்டார் சைக்கிள் பந்தயங்களில் பெயர் வாங்கியவர்.

ஒருவர் மெக்கானிக், ஒருவர் பணக்காரர், ஒருவர் பந்தய வீரர். ஆனாலும் மோட்டார் சைக்கிள் என்றால் மூவருக்கும் ஒரே பித்து!

மூவரும் கூடிப் பேசி ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். போர் முடிந்ததும் சொந்தமாக மோட்டார் சைக்கிள் செய்வது. குட்சி வண்டியை உருவாக்குவார். பரோடி பணம் கொண்டுவருவார். ரவெல்லி அந்த வண்டியைப் பந்தயத்தில் ஓட்டி ஊருக்குக் காட்டுவார்.

போர் 1918-ம் ஆண்டு முடிந்தது. மூவரும் உயிரோடு தப்பினார்கள். இனிக் கவலை இல்லை என்றுதான் நினைத்தார்கள்.

வானில் இருந்து விழுந்தார்

1919-ம் ஆண்டு ஆகஸ்டு 11-ந் தேதி. வெனிஸ் நகரம்.

ரவெல்லி ஒரு விமானத்தைச் சோதனை பார்ப்பதற்காக ஓட்டினார். விமானம் விழுந்து நொறுங்கியது. ரவெல்லி மாண்டார்.

குண்டு மழைக்குத் தப்பியவர், போர் ஓய்ந்த பிறகு சோதனை ஓட்டத்தில் போய்விட்டார்!

ஒப்பந்தத்தின் மூன்றில் ஒரு பங்கு முறிந்துவிட்டது. மற்ற இருவரும் அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அவர்கள் விடவில்லை.

நண்பன் இல்லாவிட்டாலும் அவனுடைய நினைவு கூடவே வரட்டும் என்று முடிவு செய்தார்கள். கடற்படை விமானிகளின் சின்னம் கழுகு. அதையே தங்கள் வண்டிக்கும் சின்னமாக வைத்தார்கள்.

ரவெல்லி ஓட்டவேண்டிய வண்டிகளில், அவருக்குப் பதிலாகக் கழுகு ஏறிக்கொண்டது!

தகப்பனாரின் கடிதம்

அதற்கு முன்பே பரோடி தன் தகப்பனாரிடம் பணம் கேட்டிருந்தார். மகன் ஆசைப்பட்டான் என்று உடனே அள்ளிக் கொடுத்தாரா தகப்பனார்? இல்லை. அதே நேரத்தில் "முடியாது" என்றும் சொல்லவில்லை.

1919-ம் ஆண்டு ஜனவரி 3-ந் தேதி மகனுக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். முதல் சோதனைக்கு 1,500 முதல் 2,000 லிரா வரை தருவதாக ஒப்புக்கொண்டார். கூடவே நிபந்தனைகளும் போட்டார்.

அந்தத் தொகைக்கு மேல் ஒரு காசுகூடப் போகக்கூடாது. செய்யப்போகும் வண்டியின் வரைபடத்தைத் தாமே நேரில் பார்ப்பார். அது பிடித்துவிட்டால், அதன்பிறகு வரம்பு இல்லாமல் உதவுவார்.

பெரிய முதலாளியான அந்தத் தகப்பனாரின் பெயர் இமானுவேலே விட்டோரியோ பரோடி. பிள்ளையின் ஆசைக்கு அணை போடவில்லை, கரை கட்டினார். இன்று நூறு ஆண்டைத் தாண்டி நிற்கும் தொழிற்சாலைக்கு அந்தக் கடிதம்தான் அஸ்திவாரம்.

கொல்லன் பட்டறையில்...

முதல் வண்டி பெரிய ஆலையில் பிறக்கவில்லை. மாண்டெல்லோவில் ஒரு கொல்லன் பட்டறையில் பிறந்தது.

குட்சி, பரோடி ஆகிய இருவர் பெயரின் முதல் எழுத்துக்களைச் சேர்த்து, அதற்கு "ஜி.பி." என்று பெயர் வைத்தார்கள். ஆனால் ஜார்ஜியோ பரோடியின் பெயரைச் சுருக்கினாலும் "ஜி.பி." என்றுதானே வருகிறது? குழப்பம் வேண்டாம் என்று, பணம் போட்ட பரோடியின் பெயரை விட்டுவிட்டார்கள். உழைத்த மெக்கானிக்கின் பெயரை வைத்தார்கள்.

1921-ம் ஆண்டு மார்ச் 15-ந் தேதி "மோட்டோ குட்சி" கம்பெனி பிறந்தது.

இதில் ஒரு வேடிக்கை. கம்பெனிக்குப் பெயர் குட்சி. ஆனால் தொடக்கத்தில் கம்பெனியில் குட்சிக்குப் பங்கு கிடையாது! செய்து விற்கும் ஒவ்வொரு வண்டிக்கும் இவ்வளவு என்று அவருக்குப் பணம் கொடுத்தார்கள்.

அந்த முதல் ஆண்டில் அவர்கள் செய்த வண்டிகள் எத்தனை தெரியுமா? 17 தான்!

படுத்திருக்கும் என்ஜின்

மற்ற மோட்டார் சைக்கிள்களில் சிலிண்டர் நிமிர்ந்து நிற்கும். குட்சி அதைப் படுக்கவைத்தார். கட்டிலில் காலை நீட்டிப் படுத்த மனிதனைப்போல, சிலிண்டர் முன் சக்கரத்தை நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும்.

காரணம் இல்லாமல் செய்யவில்லை. வண்டி ஓடும்போது எதிர்க்காற்று நேராகச் சிலிண்டரின் தலையில் மோதும். என்ஜின் சூடு தணியும். பாரம் தாழ்வாக இருப்பதால் வண்டி தள்ளாடாது.

இன்னொரு புதுமை, வெளியே சுழலும் பெரிய சக்கரம். என்ஜின் ஒரே சீராக ஓடுவதற்கு "பிளைவீல்" என்ற கனத்த இரும்புத் தட்டு வேண்டும். மற்றவர்கள் அதை உள்ளே மறைத்துவைப்பார்கள். குட்சி அதை வெளியே மாட்டினார். இதனால் என்ஜின் பெட்டி சிறியதாயிற்று. வண்டி நிற்கும்போதும் அந்தத் தட்டு பளபளவென்று சுழல்வது கண்ணுக்குத் தெரியும்.

முதல் வண்டிக்கு 500 சி.சி. என்ஜின். 8 குதிரை சக்தி. மணிக்குச் சுமார் 80 கிலோ மீட்டர் வேகம்.

பழைய வண்டிப் பித்தர்கள் இன்றும் மயங்குவது இந்த என்ஜினில்தான். அதன் சத்தம் விட்டு விட்டு, நிதானமாக வரும். "அது என்ஜின் சத்தம் அல்ல, இதயத் துடிப்பு" என்பார்கள் அவர்கள்.

தம்பியுடையான்...

"தம்பியுடையான் படைக்கு அஞ்சான்" என்பது நம் பழமொழி. கார்லோ குட்சிக்கும் உடன்பிறந்தார் ஒருவர் இருந்தார். பெயர் ஜியுசெப்பே.

அந்தக் காலத்து மோட்டார் சைக்கிள்களில் பின் சக்கரத்துக்கு வில் கிடையாது. பள்ளத்தில் விழுந்தால் முதுகெலும்பு நொறுங்கும்! பின் சக்கரத்துக்கு வில் வைத்தால் வண்டி ஆடும், ஆபத்து என்று பலர் பயந்தார்கள்.

ஜியுசெப்பே பயப்படவில்லை. வில் வைத்த வண்டியை உருவாக்கினார். 1928-ம் ஆண்டு அதில் ஏறி உட்கார்ந்தார். மாண்டெல்லோவில் இருந்து புறப்பட்டு, பனி மூடிய வடதுருவ வட்டம் வரை, நார்வே நாட்டுக்கே ஓட்டிக்கொண்டு போனார்!

சுமார் 4 வாரப் பயணம். நல்ல ரோடு இல்லாத காலம். வண்டியும் உடையவில்லை. முதுகும் உடையவில்லை.

நாலே விநாடி!

இங்கிலாந்தை அடுத்து "மான் தீவு" என்று ஒரு தீவு இருக்கிறது. உலகத்திலேயே பயங்கரமான மோட்டார் சைக்கிள் பந்தயம் அங்கேதான் நடக்கும். பந்தயத் திடலில் அல்ல. ஊர் ரோட்டில், மலைப் பாதையில்! ஒரு சுற்று சுமார் 60 கிலோ மீட்டர்.

1935-ம் ஆண்டு. பெரிய பந்தயத்தில் மொத்தம் 7 சுற்றுகள். இங்கிலாந்தின் "நார்ட்டன்" வண்டியில் ஜிம்மி குத்ரி. இத்தாலியின் குட்சி வண்டியில் ஸ்டான்லி வுட்ஸ். வுட்ஸ் அயர்லாந்துக்காரர்.

எல்லோரும் ஒன்றாகப் புறப்படும் பந்தயம் அல்ல அது. ஒருவர் பின் ஒருவராக விடுவார்கள். கடிகாரம்தான் வெற்றியைச் சொல்லும். குத்ரி முதல் ஆளாகப் போனார். வுட்ஸ் அவருக்குப் பின்னால் சுமார் 15 நிமிடம் கழித்துப் புறப்பட்டார்.

கடைசிச் சுற்று தொடங்கும்போது குத்ரி 26 விநாடி முந்தி இருந்தார்.

வுட்சின் ஆட்கள் பெட்ரோல் ஊற்றத் தயாராக நின்றார்கள். வுட்ஸ் நிற்கப்போகிறார் என்று நார்ட்டன் கோஷ்டி நம்பியது. நின்றால் இன்னும் நேரம் போகும். வெற்றி நமக்கே என்று அவர்கள் நிம்மதி அடைந்தார்கள்.

ஆனால் வுட்ஸ் நிற்கவில்லை! மின்னலைப்போல் தாண்டிப் போய்விட்டார். பெட்ரோல் ஊற்ற நின்றது எல்லாம் நாடகம்!

குத்ரிக்கு இனிச் செய்தி சொல்ல வழி இல்லை. அவர் ஓடி முடித்தார். கூட்டம் அவரை வெற்றி வீரர் என்றே கொண்டாடியது. கை குலுக்கினார்கள். வாழ்த்துச் சொன்னார்கள்.

பிறகு வுட்ஸ் வந்து சேர்ந்தார். கணக்குப் பார்த்தார்கள்.

26 விநாடி பின்தங்கியவர், கடைசிச் சுற்றில் 4 விநாடி முந்திவிட்டார்!

1911-ம் ஆண்டுக்குப் பிறகு அந்தப் பெரிய பந்தயத்தில் ஒரு வெளிநாட்டு வண்டி ஜெயித்தது அதுதான் முதல் தடவை. அந்த வண்டியின் பின் சக்கரத்தில் வில் இருந்தது என்பதைச் சொல்லவேண்டியது இல்லை. சிரித்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள்.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 1937-ல், ஒமோபோனோ டென்னி என்ற இத்தாலியர் அதே தீவில் 250 சி.சி. குட்சியை ஓட்டி வெற்றி பெற்றார். அங்கே வெற்றி பெற்ற முதல் இத்தாலியர் அவர்தான்.

போருக்குப் பின்

இரண்டாம் உலகப்போரில் இத்தாலி நொறுங்கிப்போனது. ரயில் இல்லை. பஸ் இல்லை. வேலைக்குப் போக வழி இல்லை. கார் வாங்கப் பணமும் இல்லை.

அப்போது ஏழைகளுக்குக் கை கொடுத்தது மோட்டார் சைக்கிள்தான்.

1946-ல் குட்சி கம்பெனி 65 சி.சி.யில் ஒரு குட்டி வண்டி செய்தது. மக்கள் அதற்குச் செல்லமாகக் "குட்சினோ" என்று பெயர் வைத்தார்கள். "சின்னக் குட்சி" என்று பொருள். 2 குதிரை சக்திதான். ஆனால் கொத்தனாரையும், தபால்காரரையும், பள்ளி ஆசிரியரையும் அது சுமந்தது.

பொலோனா நகரத்தின் "டுகாட்டி" கம்பெனி ரேடியோச் சாமான் செய்துகொண்டிருந்தது. போரில் குண்டு விழுந்து ஆலை நாசமாயிற்று. போர் முடிந்ததும் சைக்கிளில் மாட்டும் சிறு என்ஜினைச் செய்து அவர்கள் பிழைத்தார்கள். அதன் பெயர் "குச்சோலோ". "நாய்க்குட்டி" என்று அர்த்தம்! இன்று உலகப் புகழ் பெற்ற டுகாட்டி மோட்டார் சைக்கிளுக்கு அந்த நாய்க்குட்டிதான் மூதாதை.

"அகுஸ்டா" குடும்பத்தார் விமானம் செய்தவர்கள். போருக்குப் பின் விமானத் தொழில் படுத்துவிடவே, அவர்களும் மோட்டார் சைக்கிளுக்கு வந்தார்கள். பிற்காலத்தில் ஜாக்கோமோ அகோஸ்டினி 15 முறை உலக சாம்பியன் ஆனார். அதில் 13 தடவை அவர் ஓட்டியது அகுஸ்டாவின் "எம்.வி." வண்டியைத்தான்.

எல்லோருக்கும் மூத்தது "பெனெல்லி" கம்பெனி. அதை ஆரம்பித்தது ஒரு தாய்! தெரேசா பெனெல்லி ஒரு விதவை. ஆறு ஆண் பிள்ளைகள். பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம் அலையக்கூடாது என்று நினைத்தார். குடும்பத்துச் சொத்தை முதலாகப் போட்டு, 1911-ல் பெசாரோ நகரில் அவர்களுக்கு ஒரு பட்டறை வைத்துக் கொடுத்தார். அந்தப் பட்டறைதான் மோட்டார் சைக்கிள் கம்பெனி ஆயிற்று.

எட்டு சிலிண்டர்

1955-ம் ஆண்டு உலகமே வாயைப் பிளந்தது. குட்சி ஆலையின் என்ஜினீயர் ஜூலியோ கார்க்கானோ, 500 சி.சி. பந்தய வண்டிக்கு 8 சிலிண்டர் வைத்தார்!

ஒவ்வொரு சிலிண்டரும் சுமார் 62 சி.சி.தான். எட்டுக்கும் எட்டு கார்புரேட்டர். 1957-ல் பெல்ஜியத்தில் அந்த வண்டி மணிக்கு ஏறக்குறைய 275 கிலோ மீட்டர் வேகத்தைத் தொட்டது. ஆனால் அடிக்கடி பழுதாகும். ஓட்டுகிற வீரர்களுக்கு உயிர் கையில் இருக்காது.

அதே ஆண்டில் இத்தாலியில் நடந்த ஒரு கார்ப் பந்தயத்தில் கார் ஒன்று கூட்டத்தில் பாய்ந்தது. பார்க்க வந்த சிறுவர்களும் மாண்டார்கள். நாடே அழுதது. ஊர் ரோட்டில் நடந்த வேகப் பந்தயங்கள் நின்றன.

பந்தயச் செலவும் கட்டவில்லை. 1957-ன் முடிவில் குட்சி கம்பெனி உலகப் பந்தயத்தில் இருந்து விலகியது. அதற்குள் 14 உலகப் பட்டங்களை அது வாங்கியிருந்தது.

மூடும் நிலை

பரோடி 1955-ல் காலமானார். குட்சி 1964-ல் காலமானார். ஒப்பந்தம் செய்த மூவரும் போய்விட்டார்கள்.

மக்கள் கையில் பணம் சேர்ந்தது. சிறிய கார்கள் மலிவாக வந்தன. மழையில் நனைந்து மோட்டார் சைக்கிளில் போக யாருக்கு ஆசை? விற்பனை விழுந்தது. கடன் ஏறியது. தொழிலாளர் குடும்பங்கள் கதிகலங்கின. ஊரே அந்த ஆலையை நம்பித்தானே இருந்தது!

1967-ல் கம்பெனி கைமாறியது. அப்போது கை கொடுத்தது கார்க்கானோ உருவாக்கிவைத்திருந்த ஒரு புது என்ஜின். இரண்டு சிலிண்டர்கள் இரண்டு கைகளை விரித்ததுபோல் இருபுறமும் நீட்டிக்கொண்டிருக்கும். "வி-7" என்று பெயர்.

உறுதியான வண்டி. இத்தாலியப் போலீசார் வாங்கினார்கள். கடல் கடந்து, அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரப் போலீசாரும் வாங்கினார்கள். ஆலை பிழைத்தது. இன்றைய குட்சி வண்டிகளும் அதே முறையில், கை விரித்த என்ஜினோடுதான் வருகின்றன.

அதன்பின் முதலாளிகள் பலர் மாறினார்கள். 2004-ல் "பியாஜியோ" கம்பெனி வாங்கியது. நம் ஊர் ரோடுகளில் ஓடும் "வெஸ்பா" ஸ்கூட்டர் இருக்கிறதே, அதைச் செய்த அதே கம்பெனிதான்.

முதலாளி மாறினாலும் இடம் மாறவில்லை. 1921-ல் தொடங்கிய அதே மாண்டெல்லோவில் இன்றும் வண்டி தயாராகிறது.

பித்தர்கள்

பழைய இத்தாலிய வண்டியைத் தேடி அலைகிறவர்கள் இன்று உலகம் எங்கும் இருக்கிறார்கள்.

கிராமத்து வைக்கோல் கொட்டகையில் ஒரு வண்டி துருப்பிடித்துக் கிடக்கும். அதை வாங்குவார்கள். முதலில் பார்ப்பது என்ஜினிலும் சட்டத்திலும் பொறித்த எண்களை. இரண்டும் அந்த வண்டிக்கே உரியவைதானா என்று பழைய பதிவோடு ஒத்துப்பார்ப்பார்கள்.

பிறகு திருகு திருகாகக் கழற்றுவார்கள். துருவைச் சுரண்டுவார்கள். கிடைக்காத சாமானைக் கடைசல் பட்டறையில் கொடுத்துச் செய்வார்கள். ஒரு வண்டிக்கு இரண்டு, மூன்று ஆண்டுகள்கூட ஆகும்.

1950-ல் வந்த "பால்கோனே" என்ற 500 சி.சி. குட்சிக்குத் தனி மவுசு. சிவப்பு வண்ணம், படுத்த சிலிண்டர், வெளியே சுழலும் பிளைவீல். 1971-ல் வந்த "வி-7 ஸ்போர்ட்" வண்டியில் முதலில் செய்த சிலவற்றின் சட்டத்துக்குச் சிவப்பு வண்ணம் பூசியிருந்தார்கள். அந்தச் சிவப்புச் சட்டம் கிடைத்துவிட்டால், புதையல் கிடைத்த மாதிரிதான்!

இந்தப் பித்தில் இன்னொரு வகையும் உண்டு. 1953 முதல் 1957 வரை, சிறிய மோட்டார் சைக்கிள்களில் இத்தாலியைச் சுற்றி வரும் பந்தயம் ஒன்று நடந்தது. விபத்துக்குப் பின் நின்றுபோனது. 2001-ல் அதை மீண்டும் தொடங்கினார்கள். இப்போது வேகத்துக்காக அல்ல. பழைய வண்டிகளை ஓடவிட்டுப் பார்க்கும் ஆசைக்காக!

"புது வண்டி பட்டனைத் தட்டினால் ஓடும். பழைய வண்டிக்கு ஏன் இந்தப் பாடு?" என்று நீங்கள் கேட்கலாம்.

நம் வீட்டில் பாட்டி வைத்துவிட்டுப் போன வெண்கலக் குத்துவிளக்கை நாம் ஏன் புளி போட்டுத் துலக்குகிறோம்? அதேதான்!

அப்பா வேலைக்குப் போன வண்டி. தாத்தா பாட்டியைப் பின்னால் வைத்துக் கல்யாணத்துக்குப் போன வண்டி. பேரன் அதை உதைத்துக் கிளப்பும்போது, போனவர்கள் ஒரு நிமிடம் திரும்பி வருகிறார்கள்.

ரவெல்லி ஒரு நாள்கூட குட்சி வண்டியை ஓட்டியது இல்லை. முதல் வண்டி உருப்பெறும் முன்பே போய்விட்டார். ஆனாலும் அவர் இல்லாமல் ஒரு வண்டிகூட அந்தச் சிவப்புக் கதவைத் தாண்டி வெளியே வந்தது இல்லை.

பெட்ரோல் தொட்டியின் மேல் சிறகை விரித்து அவர் உட்கார்ந்திருக்கிறார்.